உஷார்! ‘செக்யூரிட்டி கோட் மாறிவிட்டது’ என்று வந்ததா?

வாட்ஸ்அப்பில் யாருடனோ பேசிக்கொண்டிருக்கும்போது செய்திகளுக்கு நடுவே சின்னக் கட்டத்துக்குள் ஒரு வரி தோன்றும். இவருடனான உங்கள் செக்யூரிட்டி கோட் மாறிவிட்டது என்பதுதான் அதன் சாரம். ‘குட் மார்னிங்’ படத்துக்குத் தரும் மரியாதையைக்கூட அந்த வரிக்கு நாம் தருவதில்லை. விரலால் தள்ளிவிட்டுப் போகிறோம். அதையாவது பார்த்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள். பலர் போனில் அந்த வரி வருவதே இல்லை. அதைக் காட்டும் ஸ்விட்சை வாட்ஸ்அப் அணைத்தே கொடுக்கிறது. செட்டிங்ஸ், அக்கவுண்ட், செக்யூரிட்டி நோட்டிஃபிகேஷன்ஸ் என்று உள்ளே போய் நாமாகத்தான் போட வேண்டும். அதைப் போட்டுவிட்டு வாருங்கள், மேலே பேசுவோம்.

ஏன் இந்த அவசரம்? ‘எண்ட் டு எண்ட் என்கிரிப்ஷன் இருக்கிறது, அனுப்பியவரையும் பெறுபவரையும் தவிர யாரும் படிக்க முடியாது’ என்று சொன்னதை நம்பித்தான் ஆதார் படம், பாஸ்புக் முதல் பக்கம், ஸ்கேன் ரிப்போர்ட், வீட்டுச் சண்டை என்று எல்லாவற்றையும் அதில் கொட்டியிருக்கிறோம். சொன்னது பொய்யில்லை. 2016 ஏப்ரலில் வாட்ஸ்அப் எல்லோருக்கும் கொண்டுவந்த அந்தப் பூட்டு, மாக்ஸி மார்லின்ஸ்பைக்கும் ட்ரெவர் பெரினும் உருவாக்கிய சிக்னல் புரோட்டோகால். உலகத்துக் கணித நிபுணர்கள் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்த்த சமாச்சாரம் அது. திருடன் அந்தக் கணிதத்தோடு மல்லுக்கட்டுவதில்லை. உங்கள் பெயரில் தனக்கென்று ஒரு சாவி செய்துகொள்கிறான். அதற்குப் பெரிய கம்ப்யூட்டர் மூளையெல்லாம் வேண்டாம்; நயமாகப் பேசத் தெரிந்தால் போதும்.

செயலியை ஏற்றி உங்கள் நம்பரைப் பதிவு செய்கிறீர்களே, அந்த நொடியில் போனுக்குள் ஒரு ஜோடிச் சாவி பிறக்கிறது. ஒன்று ரகசியச் சாவி. அது போனிலேயே தங்கும். மற்றது பொதுச் சாவி. அது கம்பெனியின் சர்வருக்குப் போகும். உங்களுக்குச் செய்தி அனுப்ப நினைப்பவரின் போன், சர்வரிடம் உங்கள் பொதுச் சாவியைக் கேட்டு வாங்கி, அதை வைத்து உங்களோடு ஒரு ரகசியத் தொடர்பை ஏற்படுத்திக்கொள்கிறது. அதன்பின் ஒவ்வொரு செய்திக்கும் ஒரு புதுச் சாவி. ஆகவே செயலியைப் பொறுத்தவரை நீங்கள் என்றால் உங்கள் முகமோ குரலோ டிபியில் இருக்கும் படமோ கிடையாது. அந்த முதல் சாவிதான் நீங்கள். ‘இதுதான் முருகன் அண்ணனின் சாவி’ என்று சர்வர் யாருடையதை எடுத்துக் கொடுக்கிறதோ, அவர்தான் உங்களுக்கு முருகன் அண்ணன்.

சர்வர் எடுத்துக் கொடுத்தது சரியானதுதானா என்று பார்க்க ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஒருவரின் பெயரைத் தொட்டு உள்ளே போனால், என்கிரிப்ஷன் என்ற இடத்தில் 60 இலக்க எண்ணும் ஒரு க்யூஆர் கோடும் இருக்கும். உங்கள் சாவி, அவர் சாவி இரண்டிலிருந்தும் பிறந்த எண் அது; செக்யூரிட்டி கோட் என்பது இதுதான். நேரில் சந்திக்கும்போது ஒருவர் போனை மற்றவர் ஸ்கேன் செய்தால் பச்சை டிக் விழும். வேலை அவ்வளவுதான், ஆனால் செய்பவர்கள் யார்? 2016-ல் ஆஸ்திரிய ஆய்வாளர்கள் 28 கணினி மாணவர்களிடம், வாட்ஸ்அப் போன்ற இன்னொரு செயலியான சிக்னலைக் கொடுத்து, நடுவில் ஒரு ஆள் புகுந்துவிட்டது போன்ற நிலைமையை உண்டாக்கிப் பார்த்தார்கள். 21 பேரால் சாவிகளைச் சரியாக ஒப்பிட்டுப் பார்க்க முடியவில்லை. கணினி படிப்பவர்கள் கதையே இது என்றால் சித்தப்பாவையும் பெரியம்மாவையும் குறை சொல்ல என்ன இருக்கிறது?

காண்டாக்டில் இருக்கும் ஐந்நூறு பேரையும் சரிபார்க்கச் சொல்லவில்லை. வீட்டில் இருப்பவர்கள், பணம் கொடுக்கல் வாங்கல் உள்ளவர்கள், ஆடிட்டர், வக்கீல் என்று ஒரு கை விரல்களுக்குள் அடங்குபவர்களை மட்டும் பாருங்கள். சிக்னல் பயன்படுத்துபவர்களுக்கு இதில் கூடுதல் லாபம் உண்டு. ஒருவரைச் ‘சரிபார்த்தவர்’ என்று குறித்துவைத்தால், பிறகு அவருடனான 60 இலக்க எண் மாறும்போது, செய்தியை அனுப்பும் முன் செயலியே உங்களைத் தடுத்துக் கேட்கும்.

கோட் ஏன் மாறுகிறது? பெரும்பாலும் அப்பாவிக் காரணம்தான். புது போன் வாங்கியிருப்பார், செயலியை அழித்துவிட்டு மறுபடி ஏற்றியிருப்பார். அப்போது புதுச் சாவி பிறக்கும், கோட் மாறும். இதில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. பத்து முறை ஒன்றுமில்லாததற்கு மாறிப் பழகியதால், பதினோராவது முறை வேறொருவன் அந்த நம்பரைத் தன் போனில் பதிவு செய்ததால் மாறியிருந்தாலும் நமக்கு உறைப்பதில்லை.

அவன் எப்படிப் பதிவு செய்கிறான்? ஆறு இலக்க ஓடிபி ஒன்று கையில் கிடைத்தால் போதும். “அக்கா, என் கோட் தப்பா உங்க நம்பருக்கு வந்துடுச்சு, கொஞ்சம் அனுப்புங்களேன்” என்று தெரிந்தவர் நம்பரிலிருந்தே வரும். அந்தத் தெரிந்தவரின் கணக்கு நேற்றே பறிபோயிருக்கும். குடும்ப குரூப்பில் ஒருவர் விழுந்தால் வரிசையாக எல்லோரும் விழுவது இப்படித்தான். இன்னொரு வகை, கூரியர்காரர் போலப் பேசி ஸ்டார் 401 ஸ்டார் என்று தொடங்கும் ஒரு எண்ணை டயல் செய்யச் சொல்வது. அது உங்களுக்கு வரும் அழைப்புகளை அவன் நம்பருக்குத் திருப்பிவிடும் குறியீடு. ஓடிபியை எஸ்எம்எஸ்ஸில் கேட்காமல் ‘கால் செய்து சொல்’ என்று வாட்ஸ்அப்பிடம் கேட்டால் அந்த அழைப்பு நேராக அவன் காதுக்குப் போகும். இந்தக் கூத்து எல்லை மீறிப் போனதால்தான், குறியீட்டை டயல் செய்து அழைப்பைத் திருப்பும் வசதியை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்திவைக்கும்படி மத்திய தொலைத்தொடர்புத் துறை, செல்போன் நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. மூன்றாவது சிம் ஸ்வாப். உங்கள் பெயரில் டூப்ளிகேட் சிம் வாங்கிவிட்டால் ஓடிபி கேட்டுக் கெஞ்ச வேண்டிய அவசியமே அவனுக்கு இல்லை.

நீங்கள் ஒரு தப்பும் செய்யாமலே இது நடக்கலாம். 2022 ஆகஸ்டில் சிக்னலுக்காக எஸ்எம்எஸ் அனுப்பித் தரும் அமெரிக்க நிறுவனமான ட்விலியோவின் ஊழியர்களை ஏமாற்றி உள்ளே நுழைந்தார்கள். சுமார் 1,900 பேரின் நம்பர்கள் வேறு போனில் பதிவாகக்கூடிய நிலையில் இருந்ததாகச் சிக்னலே அறிவித்தது. நுழைந்தவர்கள் மூன்று நம்பர்களைக் குறிப்பாகத் தேடியிருக்கிறார்கள். அதில் ஒருவரின் கணக்கு உண்மையாகவே கைமாறியது. அவர் செய்த குற்றம் ஒன்றுமில்லை.

இந்த மூன்று வகைக்கும் மருந்து ஒன்றுதான்: பின். வாட்ஸ்அப்பில் ‘டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்’, சிக்னலில் ‘ரெஜிஸ்ட்ரேஷன் லாக்’. ஓடிபி கிடைத்தாலும் பின் தெரியாமல் உடனே உள்ளே வர முடியாது. பிறந்த வருடத்தையோ 123456-ஐயோ வைக்காதீர்கள். மறந்துபோனால் மீட்க, வாட்ஸ்அப்பில் ஒரு ஈமெயில் முகவரியையும் அங்கேயே கொடுத்துவிடுங்கள். இரண்டு நிமிட வேலை. செய்யாதவர்கள்தான் அதிகம் என்பது என் சந்தேகம். உங்கள் வீட்டில் நான்கு பேரைக் கேட்டுப் பாருங்கள், தெரிந்துவிடும்.

கோட் மாறியதைப் பார்த்துவிட்டு அப்புறம் உஷாராகலாம் என்று இருப்பவர்களுக்கு ஒரு சங்கதி. நீங்கள் அனுப்பிய செய்தி ஒற்றை டிக்கில் நிற்கிறது, அந்தச் சமயத்தில் எதிராளியின் நம்பர் வேறு போனில் பதிவாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் அந்தச் செய்தியைப் புதுச் சாவிக்கு ஏற்ப மறுபடி பூட்டித் தானாகவே அனுப்பிவிட்டு, அதன்பின்தான் உங்களிடம் கோட் மாறியதைச் சொல்லும். 2017 ஜனவரியில் லண்டன் ‘கார்டியன்’ பத்திரிகை இதை ‘பின்வாசல்’ என்று எழுதப்போய், எழுபதுக்கும் மேற்பட்ட பாதுகாப்பு நிபுணர்கள் அது தவறான பீதி என்று பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். பின்வாசல் என்றது மிகைதான், நிபுணர்கள் பக்கமே நியாயம் என்பது என் கட்சி. ஆனாலும் நடைமுறை அதுதான். ஒற்றை டிக்கோடு நாள் கணக்கில் நிற்கும் ரகசியச் செய்தி ஒன்று இருந்தால், அதை அழித்துவிடுவது உங்கள் கையில் இருக்கிறது.

இதுவரை சொன்னது சத்தம் போடும் திருட்டு. உங்கள் போனில் செயலி லாக்அவுட் ஆகும், நண்பர்களுக்குக் கோட் மாறும், யாராவது ஒருவர் போன் போட்டு விசாரிப்பார். அடுத்தது சத்தமே போடாத திருட்டு. எனக்கு அதிகப் பயம் இதில்தான்.

‘லிங்க்டு டிவைசஸ்’ என்று ஒன்று இருக்கிறதே, போனில் இருக்கும் வாட்ஸ்அப்பை க்யூஆர் ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் திறப்பது, அதுதான் வாசல். முன்பெல்லாம் கம்ப்யூட்டர் வெறும் கண்ணாடி. போன் அணைந்தால் அதுவும் அணையும். 2021-ல் வாட்ஸ்அப் இதை மாற்றியது. இப்போது இணையும் ஒவ்வொரு கருவிக்கும் சொந்தச் சாவி உண்டு. நான்கு கருவிகள் வரை இணைக்கலாம். போன் அணைந்திருந்தாலும் அவை வேலை செய்யும். புதுக் கருவியின் சாவிக்கு உங்கள் போனே ஜாமீன் கையெழுத்துப் போட்டுவிடுவதால், உங்களோடு பேசுபவர்களுக்குக் கோட் மாறிய எச்சரிக்கை போகாது. சிக்னலில் விஷயம் இன்னும் ஒரு படி மேலே. அங்கே போனில் இருக்கும் அதே அடையாளச் சாவியே புதுக் கருவிக்கும் கைமாற்றப்படுகிறது. சாவி ஒன்றே என்பதால் 60 இலக்கத்தில் ஒரு எண்கூட மாறாது. இந்த ஏற்பாடு நல்ல எண்ணத்தில் செய்ததுதான். இல்லாவிட்டால் நீங்கள் லேப்டாப் மாற்றும்போதெல்லாம் ஐந்நூறு பேருக்கு எச்சரிக்கை பறக்கும். ஆனால் இதன் அர்த்தம் என்ன? இணைத்தது நீங்களாக இல்லாவிட்டாலும் நண்பர்கள் யாருக்கும் எதுவும் தெரியாது. உங்கள் போனும் வழக்கம்போல டிங் டிங் என்று அடித்துக்கொண்டே இருக்கும்.

போர்க்களத்தில் இதைச் செய்து காட்டிவிட்டார்கள். 2025 பிப்ரவரியில் கூகுளின் உளவு எச்சரிக்கைப் பிரிவு ஒரு அறிக்கை வெளியிட்டது. ரஷ்யச் சார்புக் குழுக்கள் சிக்னல் குரூப் அழைப்பு போன்ற போலிப் பக்கங்களைத் தயாரித்து, அதற்குள் கருவியை இணைக்கும் க்யூஆர் கோடை ஒளித்துவைத்து உக்ரைன்காரர்களுக்கு அனுப்பியிருக்கின்றன. குரூப்பில் சேருகிறோம் என்று ஸ்கேன் செய்தவர், தன் கணக்கோடு எதிரியின் கம்ப்யூட்டரை இணைத்துவிட்டார். களத்தில் சிக்கிய போன்களிலிருந்தும், ‘சாண்ட்வார்ம்’ என்று பெயர்பெற்ற ரஷ்ய ராணுவ உளவுக் குழுவின் கருவிகளோடு சிக்னல் கணக்குகளை இணைத்திருக்கிறார்கள். உலகத்தின் மிகக் கறாரான செயலியில், உயிர் போகும் காரியத்தில் இருப்பவர்களுக்கே இந்த நிலைமை. சிக்னல் அதன்பிறகு இணைக்கும் இடத்தில் கூடுதல் எச்சரிக்கைகளைச் சேர்த்தது.

நம் ஊருக்கு அது வர எவ்வளவு நாளாகும் என்று கேட்க வேண்டாம். 2025 டிசம்பரில் ‘கோஸ்ட் பேரிங்’ என்ற பெயரில் வாட்ஸ்அப்புக்கு வந்தே விட்டது. இந்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் எச்சரிக்கை விட்டது. தெரிந்தவர் நம்பரிலிருந்து ‘உன் போட்டோ ஒன்று பார்த்தேன்’ என்று ஒரு லிங்க் வரும். திறந்தால் ஃபேஸ்புக் மாதிரி ஒரு பக்கம். படத்தைப் பார்க்க உங்கள் நம்பரைப் போடச் சொல்லும். பிறகு ஒரு கோடைக் காட்டி, ‘இதை உங்கள் வாட்ஸ்அப்பில் போட்டு உறுதி செய்யுங்கள்’ என்று சொல்லும். அது புதுக் கருவியை இணைக்கும் கோட். ஓடிபியை யாருக்கும் சொல்லாதே என்றுதானே இத்தனை வருடமாகப் பாடம் நடத்தினோம்? இங்கே நீங்கள் யாருக்கும் எதையும் சொல்லவே இல்லை. அவன் கொடுத்த கோடை உங்கள் கையாலேயே உங்கள் போனில் போட்டிருக்கிறீர்கள். சிம்மும் உங்களிடம், போனும் உங்களிடம். குரூப் பேச்சு, படங்கள் எல்லாம் அவனிடமும்.

சர்வதேசச் சதியெல்லாம் இருக்கட்டும், தெருமுனை ஜெராக்ஸ் கடைக்கு வருவோம். ஆதார் பிரிண்ட் எடுக்கப் போகிறோம், படம் வாட்ஸ்அப்பில் இருக்கிறது. ‘வெப்ல ஓப்பன் பண்ணுங்க சார்’ என்கிறார். ஸ்கேன் செய்கிறோம், பிரிண்ட் எடுக்கிறோம், பத்து ரூபாய் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறோம். லாக்அவுட் செய்தோமா? வீட்டுச் சாவிக்கொத்தை டூப்ளிகேட் போடுபவரிடம் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. கடைக்காரர் நல்லவராகவே இருக்கலாம். அந்த நாற்காலியில் அடுத்து உட்காருபவர் யார் என்பது அவருக்கே தெரியாது. நீங்கள் தினமும் போனைப் பயன்படுத்தும்வரை அந்த இணைப்பு தானாக அறுந்துவிடும் என்று நம்பிக்கொண்டிருக்கவும் முடியாது. தேவையான ஒரு ஃபைலை மட்டும் கடையின் நம்பருக்கு அனுப்பலாம், பென் டிரைவில் கொண்டுபோகலாம். வேறு வழியில்லை என்றால், கடைப் படியை விட்டு இறங்குமுன் உங்கள் போனிலிருந்தே இணைப்பை நீக்குங்கள்.

வீட்டுக்குள்ளும் இதே கதை நடக்கிறது, பேசத்தான் கூச்சப்படுகிறோம். போன் பேட்டர்ன் தெரிந்த சந்தேகக்காரக் கணவருக்கோ, ஹாஸ்டல் ரூம்மேட்டுக்கோ இதற்கு அரை நிமிடம் போதும். ஆகவே வாரம் ஒருமுறை லிங்க்டு டிவைசஸ் பக்கத்தைத் திறந்து பாருங்கள். தெரியாத பெயர் எது இருந்தாலும் விசாரணை வேண்டாம், உடனே நீக்குங்கள். பிறகு போனைத் திறக்கும் பேட்டர்னையோ பின்னையோ மாற்றுங்கள். அதை மாற்றாவிட்டால் அடுத்த வாரம் மறுபடி இணைப்பு முளைத்திருக்கும்.

உங்கள் சொந்த லேப்டாப்பும் சந்தேகத்துக்கு அப்பாற்பட்டதில்லை. சிக்னலின் கம்ப்யூட்டர் பதிப்பு, செய்திகளைப் பூட்டும் சாவியை ஒரு சாதாரண ஃபைலில் வெட்டவெளிச்சமாக வைத்திருந்தது. 2018-லேயே இதைச் சொல்லிக் காட்டினார்கள். 2024-ல் மறுபடி சத்தம் கிளம்பிய பிறகுதான் திருத்தம் வந்தது. கிராக் செய்த சாஃப்ட்வேர்களைக் கண்ட இடத்திலிருந்து இறக்கும் கம்ப்யூட்டரில் இந்தச் செயலிகளை இணைக்கவே இணைக்காதீர்கள்.

சர்வரே ஏமாற்றினால் என்ன செய்வது என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2018-ல் பிரிட்டிஷ் உளவுத்துறையின் அதிகாரிகள் இருவர், பூட்டை உடைக்க வேண்டாம், கண்ணுக்குத் தெரியாமல் மூன்றாவது ஆளாக எங்களை உரையாடலில் சேர்த்துவிடுங்கள் என்ற அர்த்தத்தில் வெளிப்படையாகவே ஒரு யோசனையை எழுதினார்கள். கடும் எதிர்ப்பு கிளம்பியது. இந்த மாதிரி வேலையைக் கண்டுபிடிக்கத்தான், யாருக்கு எந்தச் சாவி என்ற பதிவேட்டை வெளியார் தணிக்கை செய்யும் ஏற்பாட்டை வாட்ஸ்அப் 2023-லும், அதேபோன்ற ஒன்றை ஆப்பிள் ஐமெசேஜில் அந்த வருட இறுதியிலும் கொண்டுவந்தன. சாதாரணக் குடும்பஸ்தர் இதற்காகத் தூக்கம் கெட வேண்டியதில்லை. பத்திரிகையாளர், வழக்கறிஞர், போராட்டக்காரர் என்றால் 60 இலக்கத்தை நேரில் ஒப்பிடுவதைச் சோம்பலில் விடாதீர்கள்.

திருட்டு ஒரு பக்கம், தொலைப்பது இன்னொரு பக்கம். 2019 ஏப்ரலில் ‘மேட்ரிக்ஸ்’ என்ற திறந்த செய்திப் பிணையத்தின் முக்கிய சர்வருக்குள் ஆட்கள் புகுந்துவிட்டார்கள். நிர்வாகிகள் பாதுகாப்புக்காக எல்லோரையும் லாக்அவுட் செய்தார்கள். லாக்அவுட் ஆனதும் கருவியில் இருந்த சாவிகளும் போயின. சாவியைத் தனியாக பேக்கப் எடுக்காதவர்கள், தாங்கள் எழுதிய பழைய செய்திகளைத் தாங்களே படிக்க முடியாமல் உட்கார்ந்தார்கள். யாராலும் படிக்க முடியாது என்ற வாக்குறுதியில் ‘யாராலும்’ என்பதில் நாமும் அடக்கம்.

வாட்ஸ்அப் பேக்கப்பை எடுத்துக்கொள்ளுங்கள். இரவு இரண்டு மணிக்கு கூகுள் டிரைவுக்கோ ஐகிளவுடுக்கோ போகிறதே, நீங்களாகத் தனியே ஒரு ஸ்விட்சைப் போடாவிட்டால் அந்தப் பேக்கப்புக்கு எண்ட் டு எண்ட் பூட்டு கிடையாது. 2021 அக்டோபரில்தான் அந்த வசதியே வந்தது. அதைப் போடும்போது ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொல்லும், அல்லது 64 இலக்கச் சாவி ஒன்றைத் தரும். சிக்னலும் 2025 செப்டம்பரில் தன் பேக்கப்புக்கு 64 எழுத்துச் சாவியைக் கொண்டுவந்தது. இதைத் தொலைத்தால் கஸ்டமர் கேருக்கு போன் போட்டு அழுதாலும் பயனில்லை. அவர்களிடமே அது இல்லை. காகிதத்தில் தெளிவாக எழுதி, வீட்டுப் பத்திரம் இருக்கும் ஃபைலில் வையுங்கள். நம்பிக்கையான ஒருவருக்கு அது இருக்கும் இடத்தைச் சொல்லியும் வையுங்கள். திடீரென்று நமக்கு ஏதாவது ஆனால் பிள்ளைகள் போட்டோவுக்காகத் தவிப்பார்கள். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பிலேயே தனக்குத்தானே அனுப்பிக்கொள்ளும் மகானுபாவர்களைப் பற்றி என்ன சொல்ல!

நம்பரைக் கைவிடுபவர்களும் கவனிக்க வேண்டும். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட நம்பர் இணைப்புத் துண்டிக்கப்பட்டு 90 நாளுக்குப் பிறகு வேறொருவருக்குப் போகலாம். வாட்ஸ்அப்பில் அந்தக் கணக்கு 45 நாள் தூங்கிவிட்டு வேறு போனில் உயிர்பெற்றால் பழைய விவரங்களை அழித்துவிடுவதாக அந்த நிறுவனம் உச்ச நீதிமன்றத்திலேயே சொல்லியிருக்கிறது. ஆனால் உங்கள் நண்பர்கள் போனில் அது இன்னும் ‘சுந்தர் மாமா’ என்றுதான் இருக்கும். சிம்மை விடும் முன் ‘சேஞ்ச் நம்பர்’ வழியாகக் கணக்கைப் புது நம்பருக்கு மாற்றிவிடுங்கள். உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்பதை அரசின் ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் பார்க்கலாம். நீங்கள் வாங்காத நம்பர் இருந்தால் அங்கேயே புகார் செய்யலாம்.

கடைசியாக, கணக்கு போயே போய்விட்டால். பதறிப்போய் செயலியை அழித்துவிட்டு உட்காராதீர்கள். உங்கள் சிம் உங்களிடம் இருந்தால் அதே நம்பரை மறுபடி பதிவு செய்யுங்கள். எஸ்எம்எஸ்ஸில் வரும் கோடைப் போட்டதும் அவன் வெளியேற்றப்படுவான். அவன் ஒரு பின் வைத்துத் தொலைத்திருந்தால் நீங்கள் உள்ளே போக ஏழு நாள் காத்திருக்க வேண்டும். ஆனால் அந்த ஏழு நாளும் அவனாலும் உள்ளே இருக்க முடியாது. போனில் டவரே இல்லையா, சிம் ஸ்வாப்பாக இருக்கலாம். இன்னொரு போனிலிருந்து கஸ்டமர் கேரை அழைத்து சிம்மை முடக்கச் சொல்லுங்கள். உறவினர்களுக்குச் சாதாரண போன் காலில் சொல்லுங்கள்: என் பெயரில் பணம் கேட்டு வந்தால் அனுப்பாதே என்று. நண்பரின் கோட் மாறியதைப் பார்த்தால் நீங்களும் அதையே செய்யுங்கள். அதே செயலியில் ‘நீங்கதானா’ என்று கேட்காதீர்கள். ‘ஆமாம்’ என்று அவன்தான் பதில் போடுவான். பணம் போயிருந்தால் முதல் அழைப்பு சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்கு. போன பணத்தை வழியிலேயே முடக்க முயல்வது அந்த எண்தான். வாட்ஸ்அப்புக்கு ஈமெயில் எழுதுவதெல்லாம் அதற்கப்புறம்.